நாலேகால் மணிப் பாயா

1966 டிசம்பர் 19, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பரக்கத் அலி இடது கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். அன்று அதிகாலை நாலேகால் மணிக்கு அவர் நெய்ச்சோறும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டிருந்தார்.

பரக்கத் அலிக்கு ஐம்பத்து நான்கு வயது. திருச்சி பெரிய கடைவீதியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தார். கல்யாணப் பெண்கள், ஹாஸ்டலுக்குப் போகிற மாணவர்கள், மிலிட்டரியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அவரிடம் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்கு அவர் தனியாகக் கனமான தகரத்தில் பெட்டி செய்வார். மூடியில் பெயரும் ஊரும் பெயிண்டில் எழுதித் தருவார். இருபது வருஷமாக மற்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவருக்கு அந்த வருஷம்தான் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. அவருக்கும் மனைவி சாரா பீவிக்கும் சேர்த்து இரண்டு இடம். அதற்கு முன் இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டும் கிடைக்கவில்லை.

பாஸ்போர்ட் வேலை முடிந்துவிட்டது. அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான். பிரயாணத்துக்கு உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் டிசம்பர் 26ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் திருச்சியில் பதிவுத் தபாலில் சேர்ந்தால்தான் குறித்த தேதிக்குள் பம்பாய்க்குப் போய்ச் சேரும். தவறினால் இரண்டு இடமும் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அவர் போகாவிட்டால் சாரா பீவியும் போக முடியாது. கணவனோ, மகனோ, உடன்பிறந்தவனோ துணைக்கு இல்லாமல் பெண்களை ஏற்ற மாட்டார்கள். அவளுக்குத் துணை என்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நவம்பரில் ஒருநாள் லாரியில் பெட்டி ஏற்றும்போது பரக்கத் அலிக்கு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வேர்த்தது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வாயு என்று சாரா பீவி பூண்டுப் பால் கொடுத்தாள். ஆனால் அவர் அந்த விஷயத்தை மேலப்புதூர் டாக்டர் அமிர்தசாமியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அமிர்தசாமி இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு மருந்து கொடுக்கிறவர். அவர்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

அமிர்தசாமி ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அது பரவாயில்லை என்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"பாய், உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது. ஆனா தோணுறதை வெச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்ப ஒரு டெஸ்ட் வந்திருக்கு. கொலஸ்ட்ரால்னு பேரு. ரத்தத்துல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்கறது. அது ஜாஸ்தியானா இதயத்துக்குப் போற குழாய் அடைச்சுக்கும்."

"எனக்குக் கொழுப்பு எவ்வளவுன்னு எங்க வீட்டுல கேட்டாலே சொல்லிடுவாங்களே டாக்டர்."

"அவங்க எழுதிக் குடுத்தா பம்பாய்ல ஒத்துக்க மாட்டாங்க. ஸ்ரீரங்கத்துல சௌரிராஜன்னு ஒரு டாக்டர் லேப் வெச்சிருக்கார். அங்க போயிட்டு வாங்க."

சௌரிராஜன் சென்னையில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வீட்டின் முன்னறைதான் லேப். சர்க்கரை, யூரியா, கொலஸ்ட்ரால் எல்லாம் பார்த்தார். வருகிறவர்களில் அவருக்கு இருந்த மனக்குறை ஒன்றே ஒன்று. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காபி குடித்துவிட்டு வருவார்கள். கேட்டால், ஒன்றும் சாப்பிடவில்லையே என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் இல்லை.

எனவே சனிக்கிழமை நாள் குறிக்க வந்த பரக்கத் அலியிடம் அவர் கறாராகவே பேசினார்.

"திங்கட்கிழமை காலம்பற ஒண்ணும் சாப்பிடாம வரணும். காபி கூடாது. ஒரு வாய் பால் கூடாது."

"இது ரமலான் மாசம் டாக்டர். எங்களுக்கு நோன்பு. காலையில எச்சியைக் கூட யோசிச்சுத்தான் முழுங்குறோம்."

சௌரிராஜன் அவரை மரியாதையோடு பார்த்தார். அவரும் ஏகாதசி தவறாமல் உபவாசம் இருப்பவர். விரதம் இருக்கிற மனிதரிடம் சாப்பிட்டீர்களா என்று துருவித் துருவிக் கேட்பது அழகல்ல என்று நினைத்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

நோன்போடு ரத்தம் எடுக்கலாமா என்று சாரா பீவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். எடுக்கலாம், நோன்பு முறியாது, ஆனால் உடம்பு தளர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் கடைசி வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை விடியுமுன் நோன்பு பிடிக்கச் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு வழக்கமாக ரசமும் ஒரு பொரியலும்தான் இருக்கும். அன்றைக்கு நெய்ச்சோறு, பாயா, வட்டிலப்பம் என்று வைத்தாள்.

"எதுக்கு இவ்வளவு?" என்றார் பரக்கத் அலி.

"ரத்தம் எடுக்கப் போறாங்கள்ல? உள்ள இருந்தாத்தானே எடுக்க முடியும்? சாப்பிடுங்க."

ரத்தம் கொடுத்துவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். சௌரிராஜன் கண்ணாடிக் குழாயில் ரத்தம் உறையக் காத்திருந்தார். உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீருக்குச் சீரம் என்று பெயர். அது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பரக்கத் அலியின் சீரம் பால்காரர் தண்ணீர் ஊற்ற மறந்த பால்போல இருந்தது. சௌரிராஜன் குழாயை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விளக்கடியில் பார்த்தார். எங்கே பார்த்தாலும் பாலாகவே இருந்தது. அமிலங்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது நூறு மில்லிக்கு 396 மில்லிகிராம் வந்தது. 250 வரை இருக்கலாம் என்பது அப்போதைய கணக்கு.

சாப்பிட்டுவிட்டு வந்தவரின் சீரம் இப்படி இருப்பதுண்டு. இவரோ தண்ணீர்கூடக் குடிக்காதவர். சௌரிராஜன் ரிப்போர்ட்டில், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் என்று எழுதி, அதன் அடியில் கோடும் போட்டார்.

அந்தக் கோடுதான் புதன்கிழமை மேலப்புதூரில் வேலை செய்தது.

"பாய், நீங்க சாப்பிட்டுட்டுப் போயிருந்தா நான் கவலையே பட மாட்டேன்" என்றார் அமிர்தசாமி. "வெறும் வயித்துல ரத்தம் இப்படி இருக்குன்னாத்தான் பயமா இருக்கு. அது உள்ளுக்குள்ளயே ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்."

"அல்லா மேல ஆணையா டாக்டர், விடிஞ்சதுலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போகலை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கூட வந்திருந்த சாரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். "டாக்டரய்யா, மனுஷன் நல்லாத்தானே இருக்காரு? பாருங்க. நேத்துகூட கடையில ரெண்டு பேரை நிக்க வெச்சுத் திட்டியிருக்காரு."

"திட்டறதுக்கு இதயம் வேண்டாம்மா. தொண்டை போதும்."

"போற இடத்துல எல்லாம் சரியாயிடும்."

அமிர்தசாமி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"போன வருஷம் மண்ணச்சநல்லூர்லேர்ந்து தாஜுதீன்னு ஒருத்தர் வந்தார். ரைஸ்மில் வெச்சிருந்தார். அவருக்கும் இப்படித்தான், லேசா ஒரு வலி. நல்லாத்தானே இருக்கார்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். கப்பல்ல நாலாம் நாள் போயிட்டார். கடல்லயே அடக்கம் பண்ணிட்டாங்க."

"ஹஜ்ஜுக்குப் போற வழியில மௌத்தாகறது எல்லாருக்கும் கிடைக்குமா டாக்டரய்யா? அது நல்ல மௌத்து."

"அவருக்கு நல்லதும்மா. அவர் சம்சாரம் அவர் கொண்டுபோன பெட்டியை இழுத்துக்கிட்டுத் தனியா திரும்பி வந்து, இதே நாற்காலியில உட்கார்ந்தாங்க. எனக்கு அது நல்லதா இல்லை."

 அந்தப் பெட்டி தம் கடையில் வாங்கியது என்பது பரக்கத் அலிக்கு நினைவு வந்தது. 

"திங்கட்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. வேணும்னா இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. மறுபடியும் இப்படியே வந்தா என்னைக் கேட்காதீங்க. அதுவரைக்கும் நெய் கூடாது, கறி கூடாது, தேங்காய் கூடாது."

அன்று மாலை நோன்பு திறக்கும்போது பரக்கத் அலிக்குக் கிடைத்தது கொத்துக்கறி போடாத கஞ்சி. மறுநாள் சஹருக்கும் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். வியாழக்கிழமை மாலை பக்கத்து வீட்டில் வடை பொரிக்கும் வாசனை வந்தபோது சாரா பீவி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏங்க, டியூப் மாறிப் போயிருக்குமோ?" என்றாள்.

"எப்படி மாறும்?"

"அது ஸ்ரீரங்கம். அக்காரவடிசல்னு ஒண்ணு செய்வாங்களாமே, நெய் கையில வழியுமாமே. அதைத் தின்ன யாரோட ரத்தத்தையோ உங்க பேருல எழுதிட்டாங்க. போய்க் கேளுங்க. நாளைக்கே போங்க."

"நாளைக்கு வைகுண்ட ஏகாதசி. ஊர் ஜனமெல்லாம் அங்கதான் இருக்கும்."

"கூட்டத்துக்குப் பயந்தா ஹஜ்ஜுக்கு எப்படிப் போவீங்க?"

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பரக்கத் அலி கிளம்பினார். பஸ் ஓடத்துறையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து காவிரிப் பாலம் முழுக்கத் தலைகள். பரமபத வாசலைக் கடந்துவிட்டுத் திரும்புகிறவர்களும் இனிமேல் போகிறவர்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். தொப்பி போட்டவரைப் பார்த்ததும் இரண்டு பந்தலிலும் மோர் வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள். நோன்பு என்று சொல்லித் தப்பித்தார். அம்மா மண்டபம் சாலையில் ஒரு பருத்த அம்மாள் அவர் காலை மிதித்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை. பாலத்தில் ஏறியதிலிருந்து கீழச் சித்திரை வீதி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

சௌரிராஜன் முன்னறையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அதிகாலை இரண்டரை மணிக்கே வரிசையில் போய் நின்றவர்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. டியூப் மாறிப் போச்சோன்னு எங்க வீட்டுல ஒரு சந்தேகம்."

சௌரிராஜன் கண்ணைத் திறந்தார். "யாரோடது மாறும்?"

"இந்த ஊர்க்காரங்க யாரோடதாவது. நெய்யெல்லாம் உங்க பக்கம்தானே அதிகம்."

"அன்னிக்குக் கொலஸ்ட்ராலுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான் பாய். மாறணும்னா என்னோடதோடதான் மாறணும். உக்காருங்கோ. இன்னிக்கு எனக்கு உபவாசம், சண்டை போடத் தெம்பில்லை."

"எனக்கும் நோன்பு. எனக்கும் தெம்பில்லை" என்று பரக்கத் அலி உட்கார்ந்தார்.

 வெளியே நாயனச் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்ப முடியும்?" என்று பரக்கத் அலி பேச்சுக்குக் கேட்டார்.

"நாளைக்குக் காலம்பற. துவாதசி பாரணை பண்ணினப்புறம்தான் சாப்பாடு. நேத்து ராத்திரி ரெண்டு இட்லி தின்னதோட சரி."

"அப்ப இன்னிக்கு விடியறதுக்கு முந்தி ஒண்ணும் சாப்பிடலையா?"

"விடியறதுக்கு முந்தி எதுக்குச் சாப்பிடணும்?"

"சஹர் சாப்பிடாம எப்படிங்க பட்டினி கிடக்கறது? நாங்கல்லாம் நாலு மணிக்கு எழுந்து நல்லா சாப்பிட்டுட்டுத்தானே நோன்பு பிடிக்கிறோம்."

சௌரிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தினமுமா?"

"தினமும்."

"திங்கட்கிழமையும் சாப்பிட்டேளா?"

"அன்னிக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தி."

"எத்தனை மணிக்கு?"

"நாலேகால் இருக்கும்."

"என்ன சாப்பிட்டேள்?"

"நெய்ச்சோறு."

"அப்புறம்?"

"பாயா."

"பாயான்னா?"

"ஆட்டுக்கால்."

உள்ளே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சௌரிராஜனின் மனைவி அன்றைக்கு அந்த வார்த்தையை வீட்டுக்குள் விட விரும்பவில்லை. சௌரிராஜன் குரலைத் தாழ்த்தினார்.

"வேற?"

"வட்டிலப்பம் ஒரு துண்டு. ரெண்டுன்னு வெச்சுக்குங்க. தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி போட்டு..."

"போதும், போதும். இதை ஏன்யா அன்னிக்கே சொல்லலை?"

"காலையில சாப்பிடக் கூடாதுன்னீங்க. நான் சாப்பிடலை. இது ராத்திரிச் சாப்பாடு."

"நாலேகால் மணி ராத்திரியா?"

"இருட்டாத்தானே இருந்துச்சு?"

"மார்கழியில நாலேகாலுக்கு இங்க பாதி ஊர் குளிச்சு முடிச்சிருக்கும் பாய்!"

பரக்கத் அலி அதை யோசித்துப் பார்த்தார். தன் பக்கம் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சௌரிராஜனுக்கும் தன் பக்கம் தப்பு இருப்பதாக முதலில் தோன்றவில்லை. ஆனால் அவர் நியாயமான மனிதர்.

"நான்தான் மணி கேட்டிருக்கணும்" என்றார். "காபி குடிச்சுட்டு வர்றவாளைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறேன். விரதம் இருக்கிறவராச்சேன்னு உங்களைக் கேக்காம விட்டேன். நாலு மணி நேரத்துக்கு முன்னாடி தின்ன நெய் ரத்தத்துல மிதக்காம எங்கே போகும்? சீரம் கலங்கியிருந்தா நான் போடற கணக்கும் கூடத்தான் வரும். அந்த 396ஐ நம்ப முடியாது."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அப்படிச் சொல்லலை. தெரியாதுன்னு சொல்றேன். மறுபடி எடுக்கணும். பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும். நாளைக்கு அந்தச் சாப்பாட்டை விட்டுட்டு வாங்கோ."

"சஹரை விடச் சொன்னா எங்க வீட்டுல என்னையே விட்டுடுவாங்க. அது வெறும் சாப்பாடு இல்லைங்க, எங்க நபி சொன்ன முறை."

சௌரிராஜன் விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரித்தார்.

"எல்லா லேப்லயும் காலம்பறதான் ரத்தம் எடுப்பா. ராத்திரி யாரும் எழுந்து சாப்பிட மாட்டான்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்கு ராத்திரிதான் சாப்பாடு. அப்போ உங்களுக்குச் சாயந்தரம்தான் காலம்பற. நாளைக்கு அஞ்சரை மணிக்கு வாங்கோ. நோன்பு முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்துடறேன்."

திரும்பும்போதும் பஸ் இல்லை. பரக்கத் அலி வந்த வழியே நடந்தார். அன்றைய நோன்பைப் பாலத்தின் நடுவில், சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தால் திறந்தார். அதற்குள் பந்தல்களில் மோர் தீர்ந்துவிட்டிருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட சாரா பீவி சிரிக்கவில்லை. "என் பாயாவாலயா?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை சஹருக்கு ரசமும் பொரியலும் வைத்தாள்.

அன்று மாலை அஞ்சரை மணிக்குச் சௌரிராஜன் ரத்தம் எடுத்தார். சீரம் தனியே பிரியும்வரை இருங்கள் என்றார். சூரியன் இறங்கியதும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். பரக்கத் அலி பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். மஃரிப் தொழுவதற்கு இடம் கேட்டபோது சௌரிராஜன் அறையின் மேற்கு மூலையைக் காட்டினார். அங்கே அமில பாட்டில்கள் இருந்ததால் ஒரு முழம் தள்ளி நிற்கச் சொன்னார்.

தொழுது முடித்துத் திரும்பியபோது உள்ளிருந்து ஒரு கிண்ணம் வந்திருந்தது. நெய் பளபளத்தது. சௌரிராஜன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் அக்காரவடிசலா?"

"இதுதான். உங்களுக்குத் தரப்போறதில்லை. கொலஸ்ட்ரால் பாக்க வந்தவருக்கு இதைக் குடுத்தா என் லைசென்ஸைப் பிடுங்கிண்டு போயிடுவா."

"உங்க ரத்தத்தை என்னிக்காவது பார்த்திருக்கீங்களா டாக்டர்?"

சௌரிராஜன் ஸ்பூனை ஒரு கணம் நிறுத்தினார். "டெஸ்டுக்குப் புது கெமிக்கல் வரட்டும், பாக்கணும்" என்றார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தார்.

சீரம் இந்தத் தடவை தெளிவாக இருந்தது. அமிலம் ஊற்றியதும் மெதுவாகப் பச்சை நிறம் ஏறியது.

"பச்சையா வருதே, நல்ல நிறம்தானுங்களே?"

"உங்களுக்கு நல்ல நிறம். பச்சை கருக்கக் கருக்கக் கொழுப்பு ஜாஸ்தின்னு அர்த்தம், எனக்குத்தான் பயம்." சௌரிராஜன் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரில் கண்ணை வைத்தார். இரண்டு முறை பார்த்தார். "264."

"250 வரைக்கும் இருக்கலாம்னு சொன்னாங்களே."

"ஆமாம்."

"அந்தப் பதினாலைக் கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதா?"

"பேரம் பேச இது என்ன பெட்டிக் கடையா? வந்ததைத்தான் எழுதுவேன். போன ரிப்போர்ட் ஏன் செல்லாதுன்னும் எழுதறேன். கடைசியா சாப்பிட்டது எத்தனை மணிக்கு, என்னன்னும் எழுதறேன்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26ஆம் தேதி காலை, மேலப்புதூர் டிஸ்பென்சரி திறந்தபோது பரக்கத் அலியும் சாரா பீவியும் வாசலில் நின்றார்கள். தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் மூன்று மணி வரைதான் வாங்குவார்கள். அமிர்தசாமி ரிப்போர்ட்டை வாசித்தார். பாதியில் சிரிப்பு வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலேகால் மணிக்குப் பாயாவா?"

"தெம்புக்குன்னு நான்தான் வெச்சேன் டாக்டரய்யா" என்றாள் சாரா பீவி. "ஹஜ்ரத் தளர்ச்சி வராம பார்த்துக்கச் சொன்னாங்க. யாரும் பாயா கூடாதுன்னு சொல்லலையே."

"ரமலான்ல எத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் மருந்து குடுக்கறேன். எனக்காவது தோணியிருக்கணும்." அமிர்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. "ஆனா பாய், 264ங்கறதும் ஜாஸ்திதான். அந்த நவம்பர் வலி இருக்கவே இருக்கு. இதை வெச்சு அனுப்பலாமா கூடாதான்னு எனக்குத் தெரியலை."

சாரா பீவி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். 

அமிர்தசாமி ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மார்பில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். எழுதிக்கொண்டே, "இந்த ரெண்டாவது டெஸ்டுக்கு நாள் குறிக்க என்னிக்குப் போனீங்க?" என்றார்.

"வெள்ளிக்கிழமைங்க."

"ஏகாதசி அன்னிக்கா? பஸ் ஏது?"

"ஓடத்துறையிலேர்ந்து நடந்துதான் போனேன்."

"அந்தக் கூட்டத்துலயா? நோன்போடயா?"

"ஆமாங்க."

"திரும்பி?"

"திரும்பியும் நடைதான்."

அமிர்தசாமி பேனாவை நிறுத்தினார். "நெஞ்சு எப்படி இருந்துச்சு?"

"நெஞ்சு ஒண்ணும் சொல்லலைங்க. கால்தான். ஒரு அம்மா நல்லா மிதிச்சுட்டாங்க. இன்னும் வீங்கியிருக்கு, பாருங்க."

"மூச்சு?"

"பேசிக்கிட்டேதான் நடந்தேன். பக்கத்துல வந்தவரு லால்குடிக்காரரு, பொண்ணுக்குக் கல்யாணம்னாரு. பெட்டிக்கு என் கடைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அமிர்தசாமி எழுந்து அவரை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். கீழே வந்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். சாரா பீவி உதட்டை அசைத்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். நாடி இறங்கி நிதானத்துக்கு வரும்வரை டாக்டர் கையை விடவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சான்றிதழை இழுத்தார்.

"அந்த லேப் நம்பர் என்னைக் கொஞ்சம் பயமுறுத்திடுச்சு. அதைத் தள்ளவும் மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை நடந்ததுதான் பெரிய டெஸ்ட். அதை நான் சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க." கையெழுத்துப் போட்டார். "நெய்ச்சோறு கூடாது. அவர் பெட்டி தூக்கக் கூடாது. இந்த மாத்திரை சட்டைப்பையில இருக்கணும். வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கணும். அம்மா, இதை உங்ககிட்டத்தான் சொல்றேன். அவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

"பெட்டியை நான் தூக்கறேன்" என்றாள் சாரா பீவி.

"அந்தப் பெட்டியை நாலு பேரு தூக்கணும்" என்றார் பரக்கத் அலி. "கனமான தகரம்."

"அப்ப வேற கடையில வாங்குங்க" என்றார் அமிர்தசாமி.

சான்றிதழ் அன்று பிற்பகல் பதிவுத் தபாலில் போயிற்று. கப்பல் 1967 பிப்ரவரி 11ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்டது. பரக்கத் அலியும் சாரா பீவியும் அதில் இருந்தார்கள். அந்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில் இருவரும் ஓட்டுப் போடவில்லை. ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் இருவரும் ரயிலை விட்டு இறங்கினார்கள்.